பிடிச்சு விட்டா மட்டும் போதுமா? அந்தமான் தூண்டில் பயணத்துக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியது

விழுப்புரத்துலேருந்து ஒரு நண்பர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாரு. ஞாயித்துக்கிழமை ஆனா மரக்காணம் கடற்கரையில ராடும் கையுமா நிக்கிற ஆள். மூணு வருஷமா சீட்டு கட்டிப் பணம் சேர்த்திருக்காரு. அந்தமான் போகணும், படகு எடுக்கணும், ஆள் உயரத்துக்கு ஒரு பாரையைப் பிடிச்சு ஒரு போட்டோ எடுக்கணும். அதான் அவரோட கனவு. கடைசியா ஒரு கேள்வி கேட்டாரு: "அண்ணே, பிடிச்சுட்டு உயிரோட கடல்லயே விட்டுடுவேன். அப்புறம் என்ன தப்பு இருக்கு?"

நல்ல கேள்வி. சின்னப் பதில் வேணும்னா இதான்: கையிலேருந்து விடும்போது உயிரோட இருக்கிற மீன் எல்லாம் ஒரு மணி நேரம் கழிச்சும் உயிரோட இருக்கும்னு சொல்ல முடியாது. முள் மாட்டுற நொடிக்கும் மீன் தண்ணிக்குள்ள திரும்பிப் போற நொடிக்கும் நடுவுல சில நிமிஷம் இருக்கு. அந்த நிமிஷங்கள்ல நாம என்ன செய்யுறோம்ங்கறதுதான் அதோட தலையெழுத்து. இன்னைக்கு எபிசோட் முழுக்க அதைப் பத்தித்தான்.

நான் திண்டிவனத்துக்காரன். நமக்குக் கடல்னா மரக்காணம்தான். பஸ் ஏறினா ஒரு மணி நேரம். அங்க மீன் பிடிக்கிறதுன்னா பிழைப்பு. வலை, ஃபைபர் படகு, விடியக்காலை ஏலம். விளையாட்டுக்கு மீன் பிடிக்கிறதுன்னு ஒண்ணு இருக்கறதே அங்க நிறைய பேருக்குச் சிரிப்பாத்தான் இருக்கும். அதனால முதல்ல இந்த விளையாட்டு எங்கிருந்து வந்துச்சுன்னு பார்த்துடுவோம்.

தீவும் தூண்டிலும்

அமெரிக்காவுல தெற்குக் கலிஃபோர்னியா கரைக்குப் பக்கத்துல கேட்டலினான்னு ஒரு தீவு. 1898-ல சார்லஸ் ஹோல்டர்ங்கறவர் அங்க ராடும் ரீலும் வச்சு 183 பவுண்டு, அதாவது 83 கிலோ எடையுள்ள ஒரு சூரை மீனைப் பிடிச்சாரு. அதே வருஷம் ட்யூனா கிளப்னு ஒரு சங்கத்தையும் ஆரம்பிச்சாரு. அந்தக் காலத்துல அங்க பெரிய மீனைத் தடிமனான கயித்துல கட்டி இழுத்துப் போட்டுக்கிட்டு இருந்தாங்க. சங்கம் வச்ச விதி வேற மாதிரி: நூல் மெல்லிசா இருக்கணும், ராடு இருக்கணும், மீனுக்கும் தப்பிக்க ஒரு வாய்ப்பு இருக்கணும். மீன் பிடிக்கறதை விளையாட்டாக்கினது அந்தக் கடைசி விதிதான்.

1939-ல சர்வதேச அளவுல ஐ.ஜி.எஃப்.ஏ.ன்னு ஒரு அமைப்பு வந்துச்சு. உலகச் சாதனை மீன்களோட எடையை இன்னைக்கு வரைக்கும் அவங்கதான் பதிவு பண்ணுறாங்க. நம்ம நண்பர் கனவு காணுற மீன் ஜயன்ட் ட்ரெவலி. பாரைக் குடும்பத்துலயே ராட்சசன். தூண்டில்காரங்க ஜி.டி.ன்னு செல்லமா கூப்பிடுவாங்க. இதோட உலகச் சாதனை 72.8 கிலோ, ஜப்பானோட டொகாரா தீவுகள்ல 2006 மே மாசம் பிடிச்சது.

கவனிச்சீங்களா, எல்லாமே தீவு. பஹாமாஸ், பெர்முடா, ஒகினாவான்னு இந்த விளையாட்டுக்குப் பேர் போன நிறைய இடங்கள் தீவுகள்தான். காரணம் ரொம்ப எளிமை. நடுக்கடல்ல நிக்கிற தீவைச் சுத்திக் கொஞ்ச தூரத்துலயே கடல் கிடுகிடுன்னு ஆழமாகிடும். ஆழத்துல ஓடுற நீரோட்டம் தீவுல மோதி மேல ஏறும். அதோட சின்ன மீன் சேரும். சின்ன மீன் இருக்கிற இடத்துக்கு வேட்டை மீன் வரும். பெரிய கப்பல்ல பல நாள் பயணம் போக வேண்டிய மீன், தீவுல காலையில கிளம்பி மத்தியானத்துக்குள்ள கைக்கு எட்டும்.

நமக்கு அப்படிப்பட்ட இடம் அந்தமான். மேப்புல விழுப்புரத்துல விரலை வச்சு நேர் கிழக்கே இழுத்துப் பாருங்க. வங்காள விரிகுடாவைத் தாண்டி, தெற்கு அந்தமானைத் தொட்டு, ஸ்வராஜ் தீவுன்னு இப்போ பேர் மாத்தின ஹேவ்லாக் பக்கத்துல போகும். ஏறக்குறைய ஒரே அட்சரேகை. நடுவுல சுமார் 1,400 கிலோமீட்டர் கடல். சென்னையிலேருந்து ஃப்ளைட்ல இரண்டரை மணி நேரத்துக்குள்ள போயிடலாம், கப்பல்னா மூணு நாள் போல ஆகும். இறங்குற ஊர் போர்ட் பிளேர். 2024-லேருந்து அதோட பேர் ஸ்ரீ விஜயபுரம். அங்க தமிழ் பேசுறவங்க நிறைய பேர் இருக்காங்க, மொழிப் பிரச்சினை வராது. தென்மேற்குப் பருவமழை முடிஞ்சு கடல் அடங்கின பிறகு, அக்டோபர் கடைசியிலேருந்து மே மாசம் வரைக்கும்தான் சீசன்.

அந்தச் சில நிமிஷத்துல மீனுக்குள்ள என்ன நடக்குது?

ஜி.டி. பிடிக்கிறதுக்குப் பாப்பர்னு ஒரு மரத்துண்டு மாதிரியான போலி மீனைப் பவளத்திட்டு ஓரமா வீசுவாங்க. ராடைச் சுண்டிச் சுண்டி இழுக்கும்போது அது தண்ணியில 'பொளக் பொளக்'னு சத்தம் போடும். காயம்பட்ட மீன்னு நினைச்சு பாரை கீழேருந்து வந்து அடிக்கும். சீஷெல்ஸ் பக்கம் இதே பாரை, தண்ணிக்கு மேல பறக்கிற கடல் ஆலாவைத் தாவிப் பிடிக்கறதைப் பிபிசிக்காரங்க படம் எடுத்திருக்காங்க. அவ்வளவு ஆக்ரோஷம்.

முள் மாட்டின உடனே அது பவளப் பாறைக்குள்ள பாய்ஞ்சு ஓடும். நம்ம ஊர்ல நூறு மீட்டர் ஓட்டப்பந்தயம் ஓடினவங்களுக்குத் தெரியும், ஓடி முடிச்சதும் தொடை எரியும். உடம்பு ஆக்சிஜன் பத்தாம சக்தியை எடுக்கும்போது லாக்டிக் அமிலம் சேருது. மீனுக்கும் அதே கதைதான். நாம உக்காந்து தண்ணி குடிச்சு மூச்சு வாங்கலாம். மீன் ஓடி முடிச்ச அந்த நொடியில நாம அதைத் தண்ணியிலேருந்து வெளியே தூக்குறோம்.

வெளியே தூக்கினா என்ன ஆகும்? செவுள்ல மெல்லிய தகடுகள் அடுக்கடுக்கா இருக்கும். தண்ணி இருக்கிற வரைக்கும் அதெல்லாம் பிரிஞ்சு நிக்கும். காத்துல வந்ததும் நனைஞ்ச புத்தகத்தோட பக்கங்கள் மாதிரி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். சுத்தி எவ்வளவு காத்து இருந்தாலும் அதால மூச்சு விட முடியாது. நூறு மீட்டர் ஓடி முடிச்ச ஆளோட தலையைப் பக்கெட் தண்ணிக்குள்ள அமுக்கிப் பிடிக்கிற மாதிரின்னு வச்சுக்கோங்க.

இதை அளந்து பார்த்திருக்காங்க. 1992-ல கனடாவுல ரெயின்போ ட்ரௌட் மீனை வச்சு ஒரு ஆய்வு வெளிவந்துச்சு. நல்லா ஓடவிட்டுக் களைக்க வச்ச மீன்கள்ல 12 சதவீதம் செத்துச்சு. களைச்ச பிறகு 30 நொடி காத்துல வச்சதுல 38 சதவீதம். 60 நொடி வச்சதுல 72 சதவீதம். ஒரு நிமிஷம்தான். போன்ல ஒருத்தர் போட்டோ எடுத்து, "கண்ணை மூடிட்டேன், இன்னொண்ணு எடு"ன்னு சொல்ற நேரம். ட்ரௌட் குளிர்நீர் மீன், பாரை வெப்பக்கடல் மீன், அதனால இதே கணக்கை அப்படியே பாரைக்குப் போட முடியாது. ஆனா திசை அதுதான்: காத்துல இருக்கிற ஒவ்வொரு நொடியும் கணக்குல ஏறுது.

வெப்பக்கடல்ல இன்னொரு சிக்கலும் இருக்கு. தண்ணி சூடாக ஆக அதுல கரையுற ஆக்சிஜன் குறையும். 30 டிகிரி தண்ணியில, 10 டிகிரி தண்ணியில இருக்கறதைவிட ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு கம்மி. களைச்சுப்போன மீனுக்கு அதிக ஆக்சிஜன் வேணும், கடல்ல இருக்கறதோ குறைவு.

அப்புறம் சுறா. 2007-ல பஹாமாஸ் தீவுகள்ல போன்ஃபிஷ்னு ஒரு மீனை வச்சு ஆய்வு பண்ணாங்க. விட்டதும் நேரா நீந்த முடியாம நிலைதடுமாறின மீன்கள், நல்லா நீந்திப் போன மீன்களைவிட ஆறு மடங்குக்கும் மேல வேட்டையாடப்பட வாய்ப்பு இருந்துச்சு. நாம கையசைச்சு "போயிட்டு வாடா ராஜா"ன்னு வழியனுப்புறோம். அம்பது மீட்டர் தள்ளி அதைச் சுறா எடுத்துட்டுப் போயிடுது. வீடியோ நல்லபடியா முடிஞ்சுடுது, மீன்தான் முடிஞ்சுபோகுது.

அந்தமான்ல நான் ஒரு தடவை படகுல போனப்போ இதைக் கண்ணால பார்த்தேன். பக்கத்துப் படகுல மூணு பேர். ஒரே பாரையை மூணு பேரும் மாத்தி மாத்தி மடியில வச்சு போட்டோ எடுத்தாங்க. விட்டப்போ அது வெள்ளை வயிறு மேல தெரிய மல்லாந்து மிதந்துச்சு. எங்க படகு ஓட்டினவரு, நம்ம ஊர்ப் பூர்வீகம், தமிழ்ல ஒரே வார்த்தைதான் சொன்னாரு: "வீணாப்போச்சு." மரக்காணத்துல அந்த மீன் கரைக்கு வந்திருந்தா நாலு குடும்பம் சாப்பிட்டிருக்கும்.

ஆழத்துலேருந்து வர்ற மீன் வேற கதை

பாப்பர் தவிர ஜிக்கிங்னு ஒரு முறை இருக்கு. கனமான இரும்பு மீனை அம்பது, எண்பது மீட்டர் ஆழத்துக்கு இறக்கி விறுவிறுன்னு மேல இழுக்கறது. இதுல களவா, சங்கரா மாதிரி மீன்கள் மாட்டும். இந்த மீன்களுக்கு உடம்புக்குள்ள ஒரு காத்துப் பை உண்டு. அதை வச்சுத்தான் ஒரே ஆழத்துல அலுங்காம நிக்குது.

பத்தாங்கிளாஸ் பாயில் விதி ஞாபகம் இருக்கா? அழுத்தம் குறைஞ்சா காத்து விரியும். கடல்ல பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். முப்பது மீட்டர்ல மொத்தம் நாலு மடங்கு. அங்கேருந்து மேல வந்தா பைக்குள்ள இருக்கிற காத்து நாலு மடங்கா விரியும். அதனாலதான் ஆழத்துக் களவாவை மேல கொண்டுவந்தா வயிறு உப்பி, கண் பிதுங்கி, இரைப்பை வாய் வழியா வெளியே தள்ளி நிக்கும். இதை அப்படியே கடல்ல போட்டா பலூன் மாதிரி மேலேயே மிதக்கும். கீழ போக முடியாது. வெயில்லயும் பறவைகிட்டயும் சுறாகிட்டயும் மாட்டிச் சாகும்.

இதுக்கு ஒரு வழி, கனமான எடையோட ஒரு கிளிப் வச்சு மீனைத் திரும்ப ஆழத்துக்கே இறக்கிவிடறது. கீழ போகப் போக அழுத்தத்துல காத்து மறுபடி சுருங்கிடும், அங்க கிளிப்பைக் கழட்டிடலாம். படகுல அந்தக் கருவி இல்லன்னா ஆழத்துல களவாவைத் தேடாதீங்க. தேடினா, மாட்டின ஒண்ணு ரெண்டைச் சமைச்சுச் சாப்பிடற முடிவோட போங்க, அதோட ஜிக்கை எடுத்து வச்சுடுங்க. வஞ்சிரத்துக்கு இந்தக் காத்துப் பையே கிடையாது. அதனால இந்தப் பிரச்சினையும் அதுக்கு இல்ல.

சாப்பிடறதுன்னு வந்தாச்சு, ஒரு எச்சரிக்கை. பவளத்திட்டுல வாழுற பெரிய வேட்டை மீன்கள்ல சிகுவாடெரான்னு ஒரு நச்சு சேர வாய்ப்பு இருக்கு. பாசியில உருவாகி, சின்ன மீன் வழியா பெரிய மீனுக்கு ஏறுற நச்சு. வறுத்தாலும் கொதிக்க வச்சாலும் போகாது. அதனால ராட்சசப் பாரையையும் பெரிய ஷீலாவையும் சாப்பாட்டுக்கு எடுக்காம இருக்கறது மீனுக்கு மட்டும் இல்ல, நமக்கும் நல்லது.

அப்போ என்ன செய்யணும்?

ஒண்ணு, மெல்லிசான நூல்ல பெரிய மீனைப் பிடிக்கறதுதான் வீரம்னு நினைக்காதீங்க. கேட்டலினா சங்கத்தோட காலத்துல பிடிச்ச மீன் கரைக்கு வந்துச்சு, அதனால அது வீரமா இருந்துச்சு. விடப்போற மீனுக்கு நேரம்தான் எமன். நாற்பது, அம்பது கிலோ இழுவை தாங்குற பிரெய்டு நூலும், அதுக்கு முன்னாடி இன்னும் தடிமனான லீடரும் போட்டா மீனைச் சில நிமிஷத்துல பக்கத்துல கொண்டுவரலாம். நூல் அறுந்து, வாயில பாப்பரோட மீன் பாறைக்குள்ள போற கொடுமையும் குறையும்.

ரெண்டு, முள். கடையில வர்ற பாப்பர்ல மூணு முனை இருக்கிற முள் ரெண்டு தொங்கும். ஒண்ணு வாயில மாட்டினா இன்னொண்ணு கண்ணுலயோ செவுள்லயோ குத்தும். அதைக் கழட்டிட்டு ஒத்தை முள் மாட்டுங்க. முள்ளோட நுனியில பின்பக்கமா நீட்டிக்கிட்டு இருக்கிற சின்னக் கொம்புக்கு பார்ப்னு பேரு. குறடால அதை நசுக்கிடுங்க. கழட்டுறது நொடியில முடியும். உங்க விரல்ல மாட்டினாலும் ஆஸ்பத்திரி போகாம எடுத்துடலாம். உயிர் இரையோ செத்த இரையோ போட்டுப் பிடிக்கறதா இருந்தா, வட்டமா உள்பக்கம் வளைஞ்ச சர்க்கிள் ஹூக் போடுங்க. அது தொண்டைக்குள்ள இறங்காம வாய் ஓரத்துல மாட்டும்.

மூணு, தூக்குறது. பாரையைத் தாடையில மாட்டிச் செங்குத்தாத் தொங்கவிடாதீங்க. தண்ணி தாங்கிக்கிட்டு இருந்த உள்ளுறுப்போட எடை எல்லாம் அப்போ ஒரே பக்கம் இழுக்கும். ஒரு கை வாலடியில, இன்னொரு கை வயித்துக்கு அடியில, மீன் படுத்த வாக்குல இருக்கணும். கையை நனைச்சுக்கோங்க. உலர்ந்த கையும் சூடான படகுத் தளமும் மீன் மேல இருக்கிற வழவழப்பை உரிச்சுடும். அந்த வழவழப்புதான் அதுக்குக் கிருமியைத் தடுக்கிற தோல்.

நாலு, போட்டோ. கேமரா தயாரான பிறகுதான் மீன் தண்ணியை விட்டு வரணும். பத்து நொடி. மீனைத் தூக்கும்போது நீங்களும் மூச்சை அடக்கிக்கோங்க. உங்களுக்கு முட்டுதுன்னா அதுக்கு எப்பவோ முட்டிடுச்சுன்னு அர்த்தம். தண்ணியிலயே வச்சுப் படகு ஓரமா எடுத்தா இன்னும் நல்லது.

அஞ்சு, விடுறது. தூக்கிப் போடறது இல்ல. வாலைப் பிடிச்சுத் தலையை நீரோட்டம் வர்ற பக்கம் காட்டணும், இல்லன்னா படகை மெதுவா முன்னால நகர்த்தணும். வாய் வழியா தண்ணி போய் செவுள் வழியா வெளியே வரும். அது தானா வாலை உதறி உங்க கையை விட்டுப் பிச்சுக்கிட்டுப் போற வரைக்கும் காத்திருங்க. மாட்டின மீனைச் சுறா கடிக்குதுன்னா அந்த இடத்தை விட்டுக் கிளம்பிடுங்க.

விட்டும் காப்பாத்த முடியாத மீன்

இவ்வளவும் சரியா பண்ணிட்டா மீன் இனமே பிழைச்சுடுமா? காவிரி ஒரு பாடம் சொல்லுது. கர்நாடகாவுல காவிரிக் கரையில கலிபோரேன்னு ஒரு தூண்டில் முகாம் இருந்துச்சு. மஹ்சீர் பிடிக்க வெள்ளைக்காரங்க எல்லாம் வருவாங்க, பிடிச்சு விடுவாங்க. எந்த மீன், எத்தனை, எவ்வளவு எடைன்னு நோட்டுல எழுதியும் வச்சாங்க. 1998-லேருந்து 2012 வரைக்குமான அந்தக் குறிப்புகளை எடுத்து ஆராய்ச்சியாளர்கள் கூட்டிப் பார்த்தாங்க. வெளியிலேருந்து கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு மஹ்சீர் பெருகிக்கிட்டே போச்சு. காவிரிக்கே சொந்தமான திமில் மஹ்சீர் வருஷா வருஷம் சரிஞ்சுக்கிட்டே வந்துச்சு. 2015-ல அந்த ஆய்வு வெளிவந்தப்போ அந்த மீனுக்கு உறுதியான அறிவியல் பேரே இல்ல. 2018-லதான் டோர் ரேமதேவின்னு நிச்சயமாச்சு. அது இப்போ அழிவின் விளிம்புல இருக்கிற இனம்.

இதுல ரெண்டு விஷயம் இருக்கு. பிடிச்சு விடறதால மட்டும் அந்த மீனைக் காப்பாத்த முடியல. அணை, மணல், வெடி வச்சுப் பிடிக்கறது, வெளியிலேருந்து வந்த இனம்னு அதோட எதிரிங்க வேற. ஆனா தூண்டில்காரங்க நோட்டு எழுதாம இருந்திருந்தா அது காணாம போனதே யாருக்கும் தெரிஞ்சிருக்காது. அதனால நம்ம நண்பருக்கு இன்னொரு வேண்டுகோள்: போட்டோ மட்டும் எடுக்காதீங்க. தேதி, இடம், நீளம், விட்டப்போ எப்படிப் போச்சுங்கறதை எழுதி வையுங்க.

விடறதுக்கு எதுக்குப்பா பிடிக்கணும்?

மரக்காணத்துல ஒரு பெரியவர்கிட்ட இந்த விளையாட்டைப் பத்திச் சொன்னேன். வலையைப் பின்னிக்கிட்டே கேட்டுட்டு, "விடறதுக்கு எதுக்குப்பா பிடிக்கணும்?"னாரு. சிரிக்காதீங்க, சுவிட்சர்லாந்து சட்டம் அதையேதான் கேக்குது. விடணும்ங்கற எண்ணத்தோடயே மீன் பிடிக்கறதை 2009-லேருந்து அங்க தடை பண்ணியிருக்காங்க. மீனுக்கு வலி தெரியும்னா, சாப்பிடற காரணம்கூட இல்லாம அதை எதுக்குத் துன்புறுத்தணும்ங்கறது அவங்க வாதம்.

இதுக்கு என்கிட்ட முழுசான பதில் இல்ல. ஆனா அந்தமான் பக்கம் ஒரு நியாயம் இருக்கு. ஒரு ராட்சசப் பாரையை மார்க்கெட்டுல ஒரு தடவைதான் விக்க முடியும். அதே மீன் உயிரோட இருந்தா, அதைத் தேடி வர்றவங்களால படகு ஓட்டுறவரு, உதவியாளரு, லாட்ஜுக்காரரு, சாப்பாட்டுக் கடைன்னு பல வீட்டுல அடுப்பு எரியும். பாரை சுமார் 60 சென்டிமீட்டர் வளர்ந்து முட்டை போடற பருவத்துக்கு வரவே மூணு நாலு வருஷம் ஆகும். ஆள் உயர மீன் பல வருஷத்து மீன். அது செத்தா அடுத்த சீசன்லயே இன்னொண்ணு வந்துடாது. அதனால அந்த நியாயம் நிக்கறதும் விழறதும், விட்ட மீன் உண்மையிலேயே பிழைக்குதாங்கறதுலதான் இருக்கு.

நம்ம கரைக்கும் இது புதுசு இல்ல. ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் நம்ம கடற்கரையில விசைப்படகு கடலுக்குப் போறதில்ல. மீன் முட்டை போடட்டும்னு வருமானத்தை விட்டுட்டுக் காத்திருக்காங்க. விட்டுப் பிடிக்கறதுன்னு நாம சொல்றோமே, அதை நம்ம மீனவங்க எப்பவோ தொடங்கிட்டாங்க.

பணம் கட்டுறதுக்கு முன்னாடி

படகுக்காரங்ககிட்ட போன்ல கேளுங்க. விளையாட்டு மீன்பிடிப்புக்கு மீன்வளத் துறையோட அனுமதி இருக்கா? ஒத்தை முள் போட விடுவீங்களா? ஆழத்து மீனைத் திரும்ப இறக்குற கருவி இருக்கா? லைஃப் ஜாக்கெட், வயர்லெஸ் இருக்கா? எந்தெந்த இடத்துக்குக் கூட்டிட்டுப் போவீங்க? கடைசிக் கேள்வி முக்கியம். வண்டூர் பக்கத்துல இருக்கிற மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவுலயும், ராணி ஜான்சி கடல் தேசியப் பூங்காவுலயும் மீன் பிடிக்கக் கூடாது. வடக்கு சென்டினல் தீவைச் சுத்தி அஞ்சு கடல் மைல், அதாவது ஒன்பது கிலோமீட்டருக்குள்ள போகவே கூடாது. "அங்க மீன் ஜாஸ்தி சார், கண்டுக்க மாட்டாங்க"ன்னு யாராவது சொன்னா, அந்தப் படகுல ஏறாதீங்க.

இன்னொண்ணு, பழகுறதுக்கு அந்தமான் வேண்டாம், மரக்காணமே போதும். ராடுல சின்னப் பாரை மாட்டும்போதே பார்ப் நசுக்கின முள், நனைஞ்ச கை, பத்து நொடின்னு பழகிடுங்க. கையளவு மீனைச் சரியா விடத் தெரிஞ்சவங்களாலதான் முப்பது கிலோ மீனைப் பதட்டத்துல சரியா விட முடியும். ஆனா கழுவெளிப் பக்கம் ராடைத் தூக்கிட்டுப் போகாதீங்க. 2021-லேருந்து அது பறவைகள் சரணாலயம். அதே மாதிரி ஊர் ஏரிகள்ல மீனைக் குத்தகைக்கு விட்டிருப்பாங்க. குத்தகைக்காரரைக் கேக்காம தூண்டில் போட்டா அது அவரோட வருமானத்துல கை வைக்கறது.

விழுப்புரத்து நண்பரே, போயிட்டு வாங்க. மூணு வருஷம் சேர்த்த பணம், அனுபவிங்க. பெரிய மீன் மாட்டணும்னு வேண்டிக்கறேன். மாட்டினா எனக்குப் போட்டோ அனுப்ப வேண்டாம். அது வாலை உதறிக்கிட்டு ஆழத்துக்குள்ள இறங்குற வீடியோவை அனுப்புங்க. அதை நான் நம்ம நேயர்கள்கிட்ட சொல்றேன்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.